இரண்டாம் நாளில் பழ வாசம்: வீட்டில் சுட்ட முழுக்கோதுமை பிரெட் கெட்டுப்போன ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

அந்த வீட்டில் பிரெட் சுடுபவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. மகளும் மருமகனும் உடன் இருக்கிறார்கள். கடை பிரெட் உறையில் அச்சிட்டிருந்த பொருட்களின் பட்டியலைப் படித்த நாளிலிருந்து, இனி நம் வீட்டு பிரெட் நம் கையால்தான் என்று முடிவெடுத்தவர் அவர். ஏனோதானோவென்று செய்கிறவர் இல்லை. தராசில் நிறுத்துத்தான் மாவு எடுப்பார். ஒவ்வொரு முறையும் என்ன சேர்த்தார், எத்தனை மணிக்கு ஓவனில் வைத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். இந்த ஆய்வை எழுத முடிந்ததற்கு அந்த நோட்டுதான் முக்கியக் காரணம்.

அவருடைய வழக்கமான அளவு இது: முழுக்கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 380 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 9 கிராம், தேன் 20 கிராம், எண்ணெய் 20 கிராம். இதோடு ஆளி விதையும் வேகவைத்த முழுத் தானியமும் கலந்து இரவு முழுக்க ஊறிய கலவை ஏறக்குறைய 120 கிராம். நீள டின்னில் போட்டு 190 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பிரெட் சுட்டால் அந்த வாரத்துக்குப் போதும்.

குளிர்ந்த மாதங்களில் எந்தக் குறையும் இல்லை. நன்றாக உப்பியது, மெத்தென்று இருந்தது, ஐந்தாம் நாள் வரை தாங்கியது. நான் வீட்டு பிரெட் சுடக் கற்றுத்தருபவன் என்பதால் நடுவில் ஒரு துண்டு எனக்கும் வந்தது. முழுக்கோதுமையில் அந்த அளவு மென்மை வருவது எளிதில்லை.

முதல் அறிகுறிகள்

வெயில் ஏறத் தொடங்கியபோது நோட்டில் ஒரு புதுக் குறிப்பு வருகிறது: "2ஆம் நாள். லேசாகப் பழ வாசம்." அடுத்த வாரமும் அதே. அப்போது யாரும் கவலைப்படவில்லை. மேசைமேல் பழக்கூடை இருந்ததால் அதன் வாசம் ஏறியிருக்கும் என்று நினைத்துக் கூடையை இடம் மாற்றினார்கள். வாசம் போகவில்லை.

மூன்றாவது வாரத்தில் அது அழுகும் நிலைக்குப் போன அன்னாசி போன்ற இனிப்பு நெடியாக மாறிவிட்டது. வெளியே பார்த்தால் பிரெட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. வெட்டினால் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் பழுப்பாகவும், தொட்டால் பிசுபிசுப்பாகவும் இருந்தது. மகள் ஒரு துண்டை இரண்டாகப் பிய்த்தபோது நடுவில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் நீண்டன. அன்றைக்குத்தான் எனக்குத் தகவல் வந்தது.

அதுவரை வீட்டில் செய்து பார்த்தவை

எனக்குச் சொல்வதற்கு முன்பே அவர்கள் சும்மா இருக்கவில்லை. வேகாத பிரெட் என்று நினைத்து ஓவன் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 50 ஆக்கினார்கள். மேலோடு தடித்தது, வாசம் அப்படியே வந்தது. ஈஸ்ட் மேல் சந்தேகப்பட்டுப் புதுப் பொட்டலம் வாங்கினார்கள். மாவையும் மாற்றினார்கள். புது மாவில் சுட்ட முதல் பிரெட்டே இரண்டாம் நாளில் கெட்டது. இதில்தான் அம்மா மனம் தளர்ந்தார். மாவும் புதிது, ஈஸ்ட்டும் புதிது, நன்றாகவும் வெந்திருக்கிறது. அப்புறம் எங்கிருந்து வருகிறது?

அந்தக் கேள்வி சரியான கேள்விதான். மாவை மாற்றியும் தொடர்கிறது என்றால், மாவைத் தவிர வேறு ஏதோ ஒன்று ஒரு வாரத்துப் பிரெட்டிலிருந்து அடுத்த வாரத்துப் பிரெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

என்னவாக இருக்கலாம் என்று பார்த்தது

பிரெட்டின் உள்ளே பிசுபிசுப்பு வர நான்கைந்து காரணங்கள் உண்டு. ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக்கொள்வது சுலபம். அதனால் நேரில் போனதும் முதலில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன்.

வேகாத பிரெட் என்றால் ஆறிய சில மணி நேரத்திலேயே நடுப்பகுதி களி போல இருக்கும். இரண்டாம் நாள் வரை காத்திருக்காது. இங்கே முதல் நாளில் வெட்டிய துண்டுகள் நன்றாகவே இருந்ததாக நோட்டு சொல்கிறது. முளைவிட்ட கோதுமையை அரைத்த மாவில் மாச்சத்தை உடைக்கும் நொதி அதிகமாக இருக்கும். அப்போதும் பிரெட் ஈரமாக, ஒட்டலாக வரும். அதுவும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும், இந்தப் பழ நெடியும் அதில் இருக்காது. ஆளி விதையிலும் கோதுமையின் முளைப்பகுதியிலும் எண்ணெய் இருப்பதால் அவை காறிப்போகலாம். ஆனால் காறிய வாடை பழைய பெயின்ட் மாதிரி இருக்கும், சுவை கசக்கும், இழை வராது. பூஞ்சணம் என்றால் வெளிப்பக்கத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ திட்டு தெரியும். பூஞ்சணத்தின் வித்துகள் ஓவன் சூட்டில் இறந்துவிடும்; பிரெட் வெளியே வந்த பிறகு காற்றிலிருந்தும் கையிலிருந்தும்தான் புதிதாக ஏறும். அதனால் அது வெளியிலிருந்து உள்ளே போகும்.

இந்த வீட்டில் நடந்தது அதற்கு நேர் எதிர். நடுவில் தொடங்கி வெளியே வருகிறது, முதலில் வாசம், பிறகு நிறம், பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் இழை. இந்த வரிசை ஒன்றைத்தான் காட்டுகிறது. பேக்கரிக்காரர்கள் இதை ரோப், அதாவது கயிறு, என்பார்கள். காரணம் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவும் அதன் நெருங்கிய உறவுகளும்.

அது எப்படி நடக்கிறது

இவை மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். தானியத்தின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு மாவுக்கு வருகின்றன. தவிடு நீக்காத மாவு என்பதால் முழுக்கோதுமையில் இவை வெள்ளை மாவைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்த மாவிலும் கொஞ்சம் இருக்கும்.

சிக்கல் இவற்றின் ஸ்போர்களில்தான். சூழல் மோசமானால் இந்தப் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டுக்கொண்டு உறங்கிவிடும். ஓவன் 190 டிகிரி காட்டினாலும் பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் அதற்குமேல் சூடேற விடாது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகும், பூஞ்சணம் சாகும், இந்த ஸ்போர்கள் சாகாது. பத்து நிமிடம் கூடுதலாகச் சுட்டதால் பலன் கிடைக்காத காரணம் இதுதான். போட்டியாக இருந்த மற்ற நுண்ணுயிரிகள் எல்லாம் ஒழிந்த, ஈரமான, மாச்சத்தும் புரதமும் நிறைந்த இடத்தில் இவை மட்டும் மிஞ்சுகின்றன.

பிரெட் ஆறும்போது ஸ்போர்கள் முளைக்கின்றன. ஏறக்குறைய 25 முதல் 40 டிகிரி வரை இவற்றுக்குப் பிடித்த சூடு. முளைத்தவை நொதிகளை விட்டு மாச்சத்தையும் புரதத்தையும் உடைக்கின்றன, கூடவே ஒட்டும் பொருளையும் உண்டாக்குகின்றன. இழையாக நீண்டது அதுதான். பழ வாசம் டையசெட்டில் போன்ற ஆவியாகும் பொருட்களால் வருகிறது.

இவற்றுக்குப் பிடிக்காதது புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிரெட்டின் பி.எச். 5க்குக் கீழே இறங்கினால் முளைப்பது பெரிதும் குறைகிறது. ஈஸ்ட் மட்டும் போட்டுச் சில மணி நேரத்தில் சுடும் பிரெட் பெரும்பாலும் 5க்கு மேல்தான் நிற்கும். கடை பிரெட்டில் கெடாமல் காக்கும் கால்சியம் புரோபியோனேட் என்ற பொருளைச் சேர்ப்பதற்கும் பூஞ்சணத்தோடு சேர்த்து இந்த ரோப்பும் ஒரு காரணம்.

சமையலறையில் கண்டது

நோட்டில் இருந்த குறிப்பை மட்டும் படித்திருந்தால் பாதிக் காரணம் தெரியாமலே போயிருக்கும். எனவே ஒரு முறை எனக்கு முன்னால் முதலிலிருந்து கடைசி வரை வழக்கம்போலச் சுடச் சொன்னேன்.

மாவை எடுத்து வைத்த கையோடு, பிரிட்ஜுக்கு மேலே இருந்த டப்பாவிலிருந்து போன வாரத்து பிரெட்டின் ஓரத்துண்டுகளை எடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்து மாவில் சேர்த்தார். நோட்டில் இது எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "இது சாமான் இல்லையே, மீந்ததுதானே" என்றார். வீணாக்கக் கூடாது என்பதற்காகத் தொடக்கத்திலிருந்தே செய்துவருகிறார்.

பழைய பிரெட்டை ஊறவைத்துப் புது மாவில் சேர்ப்பது உலகின் பல பகுதிகளில் உள்ள பழைய வழக்கம்தான். சுவை கூடும், ஈரம் நிற்கும். குறிப்பாக ரை என்ற தானியத்தின் மாவில் சவர்டோ முறையில், அதாவது மாவைத் தானாகப் புளிக்கவிட்டு, சுடுபவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். அங்கே மாவின் புளிப்பு காவலாக நிற்கிறது. இந்த வீட்டு மாவில் அந்தப் புளிப்பு இல்லை. ஒரு வாரம் வெதுவெதுப்பில் இருந்த துண்டுகளில் பெருகிய பாக்டீரியா ஸ்போர்களாக அடுத்த பிரெட்டுக்குள் போனது. அந்த பிரெட்டின் மிச்சம் அதற்கடுத்ததற்குப் போனது. மாவை மாற்றியும் நிற்காததன் ரகசியம் இதுதான்.

இது போக வேறு சிலவும் கண்ணில் பட்டன. விதைகளும் வேகவைத்த தானியமும் இரவு முழுக்க மேடைமேல் ஊறின. வேகவைத்தால் சுத்தம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் கொதிநிலையிலும் தாக்குப்பிடிக்கும் இந்த ஸ்போர்களுக்கு, வேகவைத்து வெப்பமான இடத்தில் வைத்த தானியம் நல்ல விருந்து. குளிர்ந்த மாதங்களில் அதே மேடையில் அதே கலவை தொந்தரவு தரவில்லை.

சுட்ட பிரெட்டை மேலோடு மென்மையாக இருக்க வேண்டும் என்று சூடு தணியும் முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினார். பெரிய பிரெட்டின் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரம் ஆகும். உறைக்குள் இன்னும் அதிக நேரம். அதாவது 40 டிகிரியிலிருந்து கீழே இறங்கும் பயணம் முழுவதும் ஈரத்தோடும் கதகதப்போடும் நடந்தது. பிறகு அது போய் உட்கார்ந்த இடம் பிரிட்ஜின் தலை. பிரிட்ஜ் வெளியேற்றும் சூடு மேலே வருவதால் அந்த வீட்டிலேயே வெப்பமான அலமாரி அதுதான். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம், பிற்பகலில் 34 டிகிரி காட்டியது.

டப்பாவின் மூலையில் பழைய தூள் ஒட்டியிருந்தது. மரப்பலகையின் கத்திக் கீறல்களிலும் அப்படியே. ஆறவைக்கும் கம்பித் தட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை அவர் பயன்படுத்துவதே இல்லை.

முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதல் முடிவில் விவாதத்துக்கே இடமில்லை. வாசம் வந்த பிரெட் மொத்தமும் கட்டிக் குப்பைக்கு. வெட்டிவிட்டு நல்ல பகுதியை மட்டும் சாப்பிடலாமா, டோஸ்ட் செய்யலாமா என்று மருமகன் கேட்டார். கூடாது. இந்த வகைப் பாக்டீரியா பெருகிய பிரெட் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு தரக்கூடியது. டோஸ்ட்டர் சூடு இதைச் சரிசெய்யாது. பறவைக்கோ விலங்குக்கோ போடுவதும் சரியில்லை. சோதனைக்காக ஒரு சின்னத் துண்டை மட்டும் இரட்டை உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம்.

சுத்தம் செய்வதில் கவனம் தேவைப்பட்டது. வினிகர் தடவினால் ஸ்போர் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாகாது. தூளையும் பிசுக்கையும் தேய்த்து அகற்றுவதுதான் உண்மையான வேலை. அதன் பிறகு வினிகர் துடைத்தால் மிச்சமிருக்கும் மேற்பரப்பு ஸ்போர்கள் முளைக்க ஏற்றதாக இருக்காது, அவ்வளவுதான். டப்பா, டின், கத்தி, மேடை எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வினிகரில் துடைத்து, முழுக்கக் காயவைத்தார்கள். பலகையும் பிரெட் மூடும் துணியும் குப்பைக்குப் போயின. பிளீச் போட்ட இடத்தில் வினிகர் படக் கூடாது என்று தனியாகச் சொல்லி வைத்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

பழைய பிரெட் சேர்ப்பது நின்றது. ஊறல் பிரிட்ஜுக்குள் போனது. பிரெட் இனி கம்பித் தட்டில் முழுக்க ஆறும், மின்விசிறி ஓடும், தொட்டால் சிறிதும் சூடு தெரியாத பிறகுதான் உறை. பெரிய பிரெட் இரண்டுக்குப் பதில் சிறியவை மூன்று, ஏனென்றால் சிறியது சீக்கிரம் ஆறும். நடுப்பகுதி 96 டிகிரியைத் தொடும் வரை சுட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். ஸ்போரைக் கொல்வதற்காக இதைச் செய்யவில்லை. உள்ளே தேவையில்லாத ஈரம் தங்கக் கூடாது என்பதற்காக. முதல் நாளுக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மற்றதைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைப்பது என்று முடிவானது. பிரிட்ஜில் வைக்கலாமே என்று கேட்டார்கள். ரோப் வராது, ஆனால் பிரெட் வேகமாக வறண்டு கெட்டியாகும். மாச்சத்து மீண்டும் இறுகுவது பிரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் அது ஏறக்குறைய நின்றுவிடும்.

புளிப்பைப் பற்றித்தான் வீட்டில் வாக்குவாதம். மகள் சொன்னது நேரடியானது: "கடையில் போடுறதையே நாமும் போடலாமேம்மா, கால்சியம் புரோபியோனேட்." அம்மா கேட்கவே மறுத்தார். அது வேண்டாம் என்றுதானே இந்த வேலையையே ஆரம்பித்தேன் என்றார். என் கருத்தைச் சொல்வதானால், அந்தப் பொருளைப் பற்றிய பயம் மிகை. சில வகைச் சீஸ்களில் புரோபியோனிக் அமிலம் தானாகவே உண்டாகிறது. மாவின் எடையில் மிகச் சிறிய பங்குதான் சேர்க்க வேண்டும். அதை வீட்டுத் தராசில் சரியாக நிறுப்பது சிரமம், கூடினால் ஈஸ்ட்டும் சோம்பும். அந்த நடைமுறைச் சிக்கலுக்காக வினிகரைத் தேர்ந்தோம். வினிகரும் அசிட்டிக் அமிலம் என்ற வேதிப்பொருள்தான் என்று மகள் சுட்டிக்காட்டினார். மறுக்க முடியாது.

5 சதவீத அமிலம் உள்ள சாதாரண வினிகர், 500 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி. வெள்ளை மாவுக்கு இரண்டு தேக்கரண்டி போதும் என்று சொல்லலாம், ஆனால் தவிடு புளிப்பை ஓரளவு விழுங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கூட்டினோம். இந்த அளவில் நாக்குக்கு வினிகர் தெரியாது. நிரந்தர ஏற்பாடாகச் சவர்டோ ஸ்டார்ட்டர் ஒன்றை, அதாவது பிரெட் மாவில் சேர்க்கும் புளித்த மாவுக் கலவையை, வளர்ப்பது என்றும் அதே நாளில் தீர்மானித்தார்கள்.

சோதனை பிரெட்

இத்தனை மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். அதனால் பக்கத்தில் ஒரு சிறு சோதனை வைத்தோம். சாப்பிடுவதற்கு இல்லை, தூக்கி எறியப்போகும் தனிப் பாத்திரங்களில் பிசைந்தது. ஒவ்வொரு மாவையும் மூன்று சின்ன பன்களாகச் சுட்டு, ஆறியதும் அலுமினியத் தாளில் சுற்றி, அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு 31, 32 டிகிரியில் வைத்தோம். 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்ப்பது. பேக்கரிகளில் மாவைச் சோதிக்க இதே மாதிரி வெப்பத்தில் வைத்துப் பார்க்கும் முறை உண்டு.

அ: ஃப்ரீசரில் வைத்திருந்த கெட்ட துண்டிலிருந்து ஒரு தேக்கரண்டி சேர்த்தது. 24 மணி நேரத்தில் வாசம், 48இல் இழை.

ஆ: பழைய பிரெட் இல்லை, மேடைமேல் ஊறிய தானியம் உண்டு. 48இல் வாசம், 72இல் பிசுபிசுப்பு.

இ: வெறும் மாவு, ஈஸ்ட், உப்பு, தண்ணீர். 72இல் நடுவில் இருந்தும் இல்லாமலும் ஒரு வாசம்.

ஈ: இ போலவே, கூடவே வினிகர். 72 வரை எதுவும் இல்லை.

உ: அ போலவே கெட்ட துண்டு சேர்த்து, கூடவே வினிகர். 48 வரை தாங்கியது, 72இல் வாசம் வந்துவிட்டது.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. புளிப்பு தள்ளிப்போடும், ஆனால் ஸ்போர் சுமை அதிகமானால் வினிகர் ஒரு மேசைக்கரண்டியை நம்பிப் பழைய பழக்கத்தைத் தொடர முடியாது. "வினிகர் போட்டால் ஓரத்துண்டைச் சேர்க்கலாம்தானே" என்று அம்மா கேட்டிருந்ததற்கு அந்த பன் பதில் சொல்லிவிட்டது. இது ஆய்வகச் சோதனை கிடையாது, நுண்ணோக்கியில் எதையும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க இந்த அளவு போதும்.

அடுத்து நடந்தது

வினிகர், குளிர்ந்த ஊறல், முழுக்க ஆறுதல், ஃப்ரீசர் என்ற ஏற்பாட்டில் மிச்ச வெயில் காலம் வாசமில்லாமல் கழிந்தது. மேலோடு முன்பைவிடக் கெட்டியாக இருப்பதாக மருமகன் குறைபட்டார். முழுக்க ஆறிய பிறகு உறையில் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் மேலோடு ஓரளவு இளகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குறையும் போனது.

ஸ்டார்ட்டர் அவ்வளவு சுலபமாக வழிக்கு வரவில்லை. அம்மா மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, தினமும் புது மாவும் தண்ணீரும் சேர்த்துப் புதுப்பித்தார். மூன்றாம் நாள் பொங்கி வழிந்தது, அடுத்த நாள் அசைவே இல்லை. செத்துவிட்டது என்று கொட்டப் போனார். தொடக்கத்தில் பொங்க வைப்பது ஈஸ்ட் அல்லாத வேறு பாக்டீரியாக்கள். புளிப்பு ஏறியதும் அவை அடங்கும், அதன் பிறகுதான் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் நிலைபெறும். விடாமல் புதுப்பித்ததில் சில வாரங்களில், புதுப்பித்த சில மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் நிலைக்கு வந்தது.

முதல் சவர்டோ பிரெட் கல் மாதிரி வந்தது, புளிப்பும் அதிகம். வெயிலில் மாவு அளவுக்கு மீறிப் புளித்துப் பசையத்தின் (குளூட்டன்) பிடி தளர்ந்திருந்தது. குறிப்பில் எழுதியிருந்த ஐந்து மணி நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடித்திருந்தார். மாவின் சூட்டை அளந்தால் 30 டிகிரி. குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து மாவை 25, 26 டிகிரிக்குக் கொண்டுவந்ததும், நேரத்தை விட்டுவிட்டு மாவு முக்கால் பங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இப்போது நின்றிருக்கும் அளவு: மொத்த மாவில் 25 சதவீதம் ஸ்டார்ட்டர் வழியாக, உடன் 2 கிராம் ஈஸ்ட். சுத்தமான சவர்டோ என்று இதைச் சொல்ல மாட்டார்கள் சிலர். புளிப்பும் கிடைக்கிறது, மென்மையும் கிடைக்கிறது. வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

எதிர்பாராத இன்னொரு நன்மை: தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு மெதுவாகப் புளிக்கும்போது அதில் ஒரு பகுதி உடைகிறது. ஆரோக்கியத்துக்காகவே முழுக்கோதுமைக்கு வந்தவருக்கு இது வினிகரைவிடப் பிடித்திருந்தது.

மாற்ற வேண்டியவை

இதே போன்ற புகார் இன்னொரு வீட்டிலிருந்து வந்தால் முதலில் கேட்கப்போவது செய்முறையை இல்லை. சுட்ட பிரெட் எங்கே, எப்படி ஆறுகிறது, எங்கே இரவு தங்குகிறது, அதன் மிச்சம் எங்கே போகிறது என்பதைத்தான். ஊறவைத்தது, மீந்தது, மேலே தூவியது எதையும் யாரும் சாமான் பட்டியலில் எழுதுவதில்லை. நேரில் நின்று ஒரு முறை பார்ப்பது அவசியம்.

மாவை ஒரே நேரத்தில் நிறைய வாங்கி வெளியே வைக்கும் வழக்கத்தையும் அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். முழுக்கோதுமை மாவு காற்றுப்புகாத டப்பாவில் பிரிட்ஜுக்குள் இருக்கிறது. ரோப்புக்கு இது நேரடி மருந்தில்லை, காறாமல் இருக்க உதவும். நோட்டில் இப்போது இரண்டு புது வரிகள் உண்டு: பிசைந்து முடித்த மாவின் சூடு, பிரெட்டை உறையில் போட்ட நேரம். வெயில் காலம் தொடங்கும்போது ஒரு சின்ன பன்னைத் தாளில் சுற்றி ஓவன் விளக்கில் வைத்துப் பார்க்கிறார் அம்மா. புது மாவு வாங்கும்போதும் அப்படியே.

தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. ஓரத்துண்டுகளை எறிவது அவருக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. சுட்ட அன்றே ஃப்ரீசருக்குப் போன துண்டுகளை மட்டும் எடுத்து, மொறுமொறுவென்று உலர வாட்டி, சவர்டோ மாவில் மட்டும், குளிர்ந்த மாதங்களில் மட்டும் சேர்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். வெப்பத்தில் கிடக்காத துண்டில் ஸ்போர் பெருகியிருக்க வாய்ப்பில்லை, புளிப்பும் காவல் இருக்கும். அம்மா தயார். மகள் இன்னும் சம்மதிக்கவில்லை. அதுவரை ஓரத்துண்டுகள் ஃப்ரீசரில், தேதி எழுதிய உறையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.